கல்யாணப் புடவைக் கரையில் ஒரு சாதா ஆள்

என் மாமியார் ஜரிகையைக் கட்டைவிரல் நகத்தால் ஒரு தரம் கீறிப் பார்த்தால் போதும், அசலா கலப்பா என்று சொல்லிவிடுவார். கீறின இடத்தில் உள்ளே சிவப்புப் பட்டு தெரிந்தால் அசல். இதற்கு இப்போது மிஷின் வந்துவிட்டது. ஆனால் எங்கள் தெருவில் மிஷின் சொன்ன பிறகும் சிலர் புடவையை எடுத்துக்கொண்டு மாமியாரிடம் வந்து, "எதுக்கும் நீங்களும் ஒரு தபா பாத்துடுங்க" என்பார்கள்.

என் மனைவிக்குக் காது. ஹாலில் உட்கார்ந்து நான் ஒரு பொய்யை யோசிக்க ஆரம்பித்தால், கடுகு வெடிக்கிற சத்தத்தையும் தாண்டி அது அடுப்படிக்குக் கேட்டுவிடும். "அதெல்லாம் வேணாம்" என்பாள். நான் இன்னும் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

அவளுடைய அண்ணன், அதாவது என் மச்சான், பங்குனி உற்சவத்தில் சாமி தூக்குகிறவர். இடது தோளில் சின்னத் தேங்காய் மூடி அளவுக்குக் காய்ப்பு இருக்கிறது. வெள்ளி ரிஷபத்தைத் தூக்கிக்கொண்டு சன்னதித் தெரு முனையில் திரும்பும்போது மற்றவர்களுக்கு மூச்சு முட்டும். இவர் ஓரமாக நிற்கிறவனிடம் கிரிக்கெட் ஸ்கோர் கேட்பார்.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் நான் மாப்பிள்ளையாக வந்தேன். எனக்குச் சொல்லிக்கொள்ளும்படியான சக்தி ஒன்றுதான். எதற்கும் எல்லோருக்கும் முன்னால் பயப்பட்டுவிடுவேன். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் முதலில் உட்கார்ந்துகொள்வேன், பிறகுதான் எடுப்பேன். மேட்டூர் அணையைத் திறக்கிறார்கள் என்று செய்தி வாசித்தால் பாலாற்றங்கரையில் இருக்கிற நான் மொட்டைமாடிக்குப் போய்த் தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பேன். அது வேறு ஆறு என்று மனைவி ஒவ்வொரு வருஷமும் சொல்கிறாள். எனக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்வது, பயம் பூகோளம் படிக்கவில்லை.

தொழில் டிசைன் போடுவது. பட்டுப் புடவையின் கரையில் மயில் போகிறது, அன்னம் நீந்துகிறது என்றால், அதெல்லாம் முதலில் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக நிரப்பப்பட்டவை. ஒரு கட்டம் ஒரு நூல். சிவப்பு மை போட்டால் அந்த இடத்தில் ஜரிகை மேலே வரும். கட்டத்தை விட்டால் பட்டு. இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில்தான் போடுகிறோம். நானும் போடுகிறேன். ஆனால் கிராஃப் தாளை விடவில்லை. மத்தியானச் சாப்பாடு ஆனதும் பட்டறையில் உட்கார்ந்து, மீந்த தாள்களில் ஒரு சித்திரக்கதை வரைந்துகொண்டிருந்தேன். வெளியில் யாருக்கும் தெரியாது.

கதை இதுதான். ஒரு தெரு. வீட்டுக்கு வீடு மகாசக்தி படைத்தவர்கள். ஒரு அம்மாள் மனிதர்களை நகத்தால் கீறிப் பார்த்து அசலா போலியா என்று சொல்லுவார். எதிர்வீட்டுப் பெண்மணிக்கு ஊரில் யார் எதை நினைத்தாலும் காதில் விழும். ஒரு பெரிய தோள்காரர் வாலாஜாபாத் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்ட பஸ்ஸை அப்படியே தூக்கி அந்தப் பக்கம் வைப்பார். உள்ளே கண்டக்டர் டிக்கெட் கொடுப்பதை நிறுத்தமாட்டார். இவர்களுக்கு நடுவில் ஒரே ஒரு சாதாரண ஆள். டீக்கடையில் ஸ்பெஷல், சாதா என்று இரண்டு உண்டல்லவா, அந்த மாதிரி இவன் பெயரே சாதா. மழை வந்துவிடுமோ என்று ஒரு குடை, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு மஞ்சப்பை. ஆபத்து வருமுன் ஓடிவிடுவான். ஓடிப்போய், பக்கத்து ஊரில் நின்று என்ன ஆயிற்று என்று விசாரிப்பான்.

கதைக்கு ஒரே ஒரு வாசகி. மச்சானின் மகள். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, சனி ஞாயிறு ஊருக்கு வருவாள். முதலில் சும்மா கேலிக்குத்தான் காட்டினேன். பிறகு அது வழக்கமானதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

முந்தின வருஷம் அவளுக்கு ஒரு சம்பந்தம் பேசி முடித்திருந்தார்கள். பத்திரிகை அடித்தாயிற்று. மண்டபம் சொல்லியாயிற்று. ஒரு நாள் அந்தப் பையன் போனை எடுப்பதை நிறுத்தினான். மறுநாள் அவன் வீட்டார் நிறுத்தினார்கள். நேரில் போனபோது வீடு பூட்டியிருந்தது, பையன் வெளிநாடு போய்விட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். மாமியாரின் நகம் அவனை முன்னமே கீறிப் பார்க்கவில்லை, மனைவியின் காதுக்கு ஒன்றும் எட்டவில்லை, மச்சானின் தோளுக்கு அங்கே தூக்குவதற்கு எதுவும் இல்லை. மகாசக்திகள் மூன்றும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தன. அந்த வாரம் அவள் பட்டறைக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "இன்னைக்கு சாதா இன்னா பண்ணான் மாமா?" என்றாள். அவன் அன்றைக்கு ஒன்றும் பண்ணியிருக்கவில்லை. அவசரமாக ஒரு பக்கம் வரைந்தேன். அவள் சிரிக்கவில்லை, ஆனால் போகாமல் இருந்தாள். அதிலிருந்து வாரம் ஒரு பக்கம்.

இந்த வருஷம் வாலாஜாபாத்திலிருந்து ஒரு சம்பந்தம் அமைந்தது. ரைஸ் மில் குடும்பம். நல்ல பையன், அதிகம் பேசமாட்டான். முகூர்த்தப் புடவை மாப்பிள்ளை வீட்டார் எடுப்பதுதான் முறை. அவர்களோ, "காஞ்சிபுரத்துப் பொண்ணுக்கு நாங்க எந்தக் கடையில போய்ப் பொடவ எடுக்கறது? நீங்களே நெய்ஞ்சிடுங்க" என்று சொல்லிவிட்டார்கள். மச்சான் என்னைப் பார்த்தார்.

"மாப்ளே, டிசைன் நீங்கதான். கம்ப்யூட்டர்ல வேணாம். கையால போடுங்க. நம்ம வூட்டுப் பொண்ணு."

அன்ன வரிசை போட்டேன். வாயில் தாமரைத் தண்டோடு ஒன்றின் பின் ஒன்றாகப் போகும் அன்னங்கள். என் வாழ்நாளில் போட்டதில் நல்ல டிசைன் அதுதான் என்று இப்போதும் சொல்வேன். அதை யாரும் பார்க்கவில்லை.

நடந்தது இப்படி. டிசைன் முடிந்த அன்று மத்தியானம், கையில் மிச்சமிருந்த உற்சாகத்தில், அதே அளவு தாளில், அதே கரை அகலத்தில், சிவப்பு மையிலேயே ஒரு சாதாவைப் போட்டுப் பார்த்தேன். குடை விரித்தபடி, பை பறக்க, வலது கால் தூக்கி ஓடுகிறான். கச்சிதமாக வந்திருந்தது. பக்கத்திலேயே அந்த வாரத்துக் கதைப் பக்கம் கிடந்தது. அதில் நகக்காரம்மாள் ஒரு தாசில்தாரைக் கீறிக்கொண்டிருந்தார். மூக்குத்தி முதற்கொண்டு என் மாமியார்தான், சந்தேகமே வராது.

அந்த நேரத்தில் பட்டறை வாசலில் ஆட்டோ வந்து நின்று, மாமியார் இறங்கினார்.

"டிசைன் முடிஞ்சிதாமே மாப்ளே. அப்படியே அட்டை குத்தறவர்கிட்ட குடுத்துட்டு வந்துடலாம். ஆட்டோ நிக்குது."

மேஜை மேல் மூன்று தாள்கள். எதை ஒளிப்பது என்பதில் மட்டும் எனக்குத் தெளிவு இருந்தது. கதைப் பக்கத்தை நாற்காலியில் போட்டு அதன் மேல் உட்கார்ந்துவிட்டேன். மாமியார் பேசிக்கொண்டிருந்த பத்து நிமிஷமும் நான் உட்கார்ந்திருந்தது மாமியாரின் மேல். மீதி இரண்டு தாளில் ஒன்றை டிராயரில் தள்ளினேன், ஒன்றைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டேன். எது எது என்று பார்க்கவில்லை. கண் மாமியார் மேல் இருந்தது. அவரே சுருளை வாங்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினார். நான் எழுந்திருக்க முடியாது என்பதால், "நீங்க போயிட்டு வாங்க, எனக்கு ஒரு வேலை இருக்குது" என்றேன்.

அட்டை குத்துகிறவர் டிசைன் தாளைப் பார்த்து, தறியில் ஏற்றுகிற அட்டைகளில் ஓட்டை போடுகிறவர். ஒரு அட்டைக்குத் தாளில் ஒரு வரி. ஸ்கேலை வைத்து மற்ற வரிகளை மறைத்துவிட்டு, அந்த ஒரு வரியை மட்டும் எண்ணுவார். மூன்று குத்து, இரண்டு விடு, ஏழு குத்து. ஒரு தடவை அவரிடம், "மயில் எப்படி வந்திருக்குது?" என்று கேட்டேன். "மயிலா அது? எனக்கு எல்லாம் ஓட்டதாம்பா" என்றார். ஆகவே அவருக்கு ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை.

நெய்கிறவர்கள் பிள்ளையார்பாளையத்தில் ஒரு தம்பதி. அந்தத் தறியில் புடவையின் நல்ல பக்கம் கீழே பார்த்திருக்கும். கண்ணெதிரே இருப்பது முதுகுப்புறம்தான், நூலும் ஜரிகையும் குறுக்கே ஓடுகிற ஒரு குழப்பம். எப்போதாவது கைக்கண்ணாடியைத் துணிக்கு அடியில் நீட்டிப் பார்த்துக்கொள்வார்கள்.

கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, மைக்கூட்டை மூட ஒரு மூடி தேடி டிராயரை இழுத்தேன். அன்னங்கள் இருந்தன. ஒன்றன் பின் ஒன்றாக, வாயில் தாமரைத் தண்டோடு, டிராயருக்குள்ளேயே போய்க்கொண்டிருந்தன.

பட்டறையிலிருந்து பிள்ளையார்பாளையம் வண்டியில் எட்டு நிமிஷம். எப்படிப் போனேன் என்று தெரியாது. ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே நுழைந்தேன்.

"வாங்கண்ணே. இன்னா இவ்ளோ வேகமா வரீங்க? யாருக்கு இன்னா?" என்றார் தறிக்கார அம்மா.

"யாருக்கும் ஒண்ணுமில்ல. எவ்ளோ ஆச்சி?"

"நாலு மீட்டர் தாண்டிடுச்சி. அவருகூட சொல்லிக்கினு இருந்தாரு, டிசைன் புதுசா இருக்குதுன்னு."

அவர் கணவர் தறியின் அந்தப் பக்கத்திலிருந்து, நூலைக் குறுக்கே ஓட்டுகிற நாடாவை நிறுத்தாமலே கேட்டார்: "அன்னம் கொட புடிக்குமாண்ணே?"

கண்ணாடியை வாங்கி அடியில் நீட்டினேன். சாதா ஓடிக்கொண்டிருந்தான். அவனுக்கு முன்னால் இன்னொரு சாதா. அவனுக்கு முன்னால் இன்னொருவன். அரக்குச் சிவப்பில் தங்க ஜரிகையில் மூன்று விரற்கடைக்கு ஒருவராக எண்பது பேர், எண்பது குடை, எண்பது மஞ்சப்பை. பை தங்கத்தில் இருந்தது. எல்லோரும் ஒரே பக்கமாக, புடவையை விட்டே வெளியே போகிற மாதிரி, முந்தியைப் பார்த்து ஓடினார்கள். வேலைப்பாடு ஒரு இடத்தில்கூடப் பிசகவில்லை.

"கேக்கலாம்னுதான் இருந்தோம்" என்றார் அந்த அம்மா. "டிசைன்காரரு போட்டா சரியாத்தான் இருக்கும்னு உட்டுட்டோம்."

இருபது வருஷமாக ஊரில் சம்பாதித்த நல்ல பெயர் இப்படித்தான் ஆளைக் கவிழ்க்கும்.

தறியை நிறுத்தி வைக்கச் சொன்னேன். புதிதாக ஒன்று நெய்ய இருபது நாள் வேண்டும். பன்னிரண்டுதான் இருந்தது. கடையில் வேறு புடவை வாங்கலாம். ஆனால் மச்சான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார், மாப்பிள்ளை வீட்டாரும் இதைத்தான் எதிர்பார்த்தார்கள். இதெல்லாம்கூட இரண்டாம் பட்சம். ஒருவன் ஓடிப்போனதால் ஒரு வருஷம் தலை குனிந்திருந்த பெண்ணுக்கு, கல்யாணப் புடவையின் கரையில் ஓடிப்போகிறவனை எண்பது தடவை நெய்து வைத்திருந்தேன்.

எனக்குத் தோன்றிய யோசனைகளை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். டெங்கு வந்ததாகச் சொல்லிப் படுத்துக்கொள்ளலாம். கம்ப்யூட்டர் மேல் பழி போடலாம், ஆனால் கையால் போடச் சொன்னவர் மச்சான். தறியில் எலி புகுந்ததாகச் சொல்லலாம், ஆனால் எலியை நான் எங்கே போய்ப் பிடிப்பது. மெடிக்கல் ஷாப்பில் பிரஷர் பார்த்தேன். "நார்மலா இருக்குது சார்" என்றார் கடையில் இருந்த பெண். மறுபடி பார்க்கச் சொன்னேன். மறுபடியும் நார்மல். இவ்வளவு பெரிய பயத்துக்கு ஒரு அத்தாட்சிகூடக் கிடைக்கவில்லை.

பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு, எங்கே போகிறேன் என்று தெரியாமல் பெங்களூர் ரோட்டில் போய், திருப்புட்குழி கோயில் குளத்துப் படியில் உட்கார்ந்திருந்தேன். கிழப்பறவை ஒன்று தன்னைவிடப் பெரியவனோடு மல்லுக்கு நின்று, சிறகை இழந்து விழுந்ததாகச் சொல்லப்படும் தலம் அது. அங்கே போய் மாமியாருக்குப் பயந்து ஒருவன் உட்கார்ந்திருப்பது எனக்கே கொஞ்சம் அதிகமாகப் பட்டது. வீட்டுக்குத் திரும்பினேன்.

செருப்பைக் கழற்றும்போதே அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"பொடவையில இன்னா தப்பு?"

சொன்னேன். டெங்கு உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கரண்டியோடு வந்து வாசற்படியில் நின்று கேட்டாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"ஓடறானா? எந்தப் பக்கம்?"

"முந்திப் பக்கம்."

கரண்டியை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டாள். "அண்ணன்கிட்ட அப்புறம் பாத்துக்கலாம். அம்மாகிட்ட சொல்ல வேணாம், அம்மாவே கண்டுபுடிச்சிடும். மொதல்ல கட்டிக்கப் போறவகிட்ட சொல்லுங்க. போன்ல வேணாம். நேர்ல கூட்டுக்கினு போய்க் காமிங்க."

"கோவிச்சிக்குமா?"

"கோவிச்சிக்கினா நல்லது. அழுதாதான் கஷ்டம்."

சனிக்கிழமை காலையில் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அவளை அழைத்துக்கொண்டு நேராகத் தறிக்குப் போனேன். வழியில் விஷயத்தைச் சொல்ல மூன்று தடவை ஆரம்பித்தேன். மூன்று தடவையும் வெயிலைப் பற்றிப் பேசி முடித்தேன்.

கண்ணாடியை அவளே வாங்கிப் பிடித்துக் குனிந்து பார்த்தாள். தறிக்கார அம்மாவும் கணவரும் நாடாவைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்கள். தறி நின்ற வீட்டில் மின்விசிறிச் சத்தம் ரொம்பப் பெரிதாக இருந்தது.

"சாதா" என்றாள்.

"ம்."

"ஓடறான்."

"அவன் எப்பவும் ஓடறவன்தானம்மா."

"என் கல்யாணப் பொடவையில மாமா."

நான் பேச ஆரம்பித்தேன். கடையில் வேறு எடுத்துவிடலாம், அப்பாவிடம் நானே சொல்கிறேன், அன்னம் இன்னும் டிராயரில்தான் இருக்கிறது, பார்க்கிறாயா, காலில் வேண்டுமானாலும், என்று எதையெல்லாமோ சொன்னேன். அவள் கையைத் தூக்கினாள். நிறுத்தினேன். கண்ணாடியை அங்கே இங்கே நகர்த்தி ஒவ்வொருவனாகப் பார்த்தாள்.

"போன தபா ஓடனவன்கிட்ட கொடகூட இல்ல" என்றாள்.

சிரிக்கிறாளா என்று பார்த்தேன். தெரியவில்லை. கண்ணாடியில் அவள் முகம் விழவில்லை, சாதாவின் முகம்தான் விழுந்தது.

பிறகு என்னைக் கேட்கவில்லை, தறிக்கார அம்மாவைக் கேட்டாள்: "அக்கா, இவன் திரும்பி வரவே மாட்டானா?"

அந்த அம்மா தறிக்கு மேலே தொங்குகிற அட்டை மாலையைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார். கணவர் தலையைச் சொறிந்துகொண்டார்.

"அட்டையைப் பின்னாலேர்ந்து சுத்தனா வருவாம்மா" என்றார் அவர், ரொம்பச் சாதாரணமாக.

இதை நான்தான் சொல்லியிருக்க வேண்டும். அட்டைகள் முதலிலிருந்து கடைசிக்குச் சுற்றினால் உருவம் ஒரு பக்கம் பார்க்கும். கடைசியிலிருந்து முதலுக்குச் சுற்றினால் அதே உருவம் மறுபக்கம் பார்க்கும். புது அட்டை வேண்டாம், புதுத் தாள் வேண்டாம். தொழிலில் இருக்கிற யாருக்கும் தெரிந்ததுதான். எனக்கும் தெரியும். பயப்படுகிற வேலையில் மும்முரமாக இருந்ததால் தோன்றவில்லை.

"அப்ப திருப்பிடுங்க" என்றாள்.

"நெய்ஞ்சது நெய்ஞ்சதுதாம்மா. அதுல இருக்கறவங்க ஓடிக்கினுதான் இருப்பாங்க" என்றார் அந்த அம்மா.

"இருக்கட்டும். மிச்சம் பேரு வரட்டும்."

எண்பதாவது சாதா முழுதாக முடிந்த இடத்திலிருந்து அட்டையைப் பின்னோக்கிச் சுற்ற ஆரம்பித்தார்கள். ஒரு ஆள் நெய்து முடிய முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவள் அவர்கள் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். நான் நின்றுகொண்டிருந்தேன், யாரும் உட்காரச் சொல்லவில்லை. கடைசியில் கண்ணாடியை நீட்டிப் பார்த்தபோது, ஓடுகிறவனும் வருகிறவனும் நேருக்கு நேர் நின்றார்கள். ஒருவன் குடை இன்னொருவன் குடையில் முட்டிக்கொண்டிருந்தது.

"பாவம், மோதிக்கினாங்க" என்றாள். அப்போதுதான் சிரித்தாள்.

கல்யாணத்தன்று காலையில் நான் யாரையும் நேராகப் பார்க்கவில்லை. வெற்றிலை பாக்குப் பொட்டலம் அடைத்த மஞ்சப்பை ஒன்றை என் கையில் கொடுத்து, கீழே வைக்கக் கூடாது என்று மனைவி சொல்லியிருந்தாள். எனக்கு அதுவே பெரிய வேலையாக இருந்தது.

மச்சான் வீட்டில் காசி யாத்திரை உண்டு. மாப்பிள்ளை குடையும் தடியுமாக, எனக்குக் கல்யாணமே வேண்டாம், காசிக்குப் போகிறேன் என்று மண்டபத்தை விட்டு நடக்க வேண்டும். வாசலில் பெண்ணின் அப்பா போய்க் கையைப் பிடித்து, என் மகளைத் தருகிறேன் வாருங்கள் என்று அழைத்துவர வேண்டும். பத்தடி தூரத்து நாடகம். எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

மாப்பிள்ளை குடையை விரித்து நடந்தார். நாதஸ்வரம் பின்னால் போயிற்று. மச்சானைப் போட்டோக்காரர் பிடித்து நிறுத்தி, அங்கவஸ்திரத்தைச் சரிசெய்யச் சொல்லிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வாசலைத் தாண்டினார். வாழைமரத்தைத் தாண்டினார். நிறுத்தியிருந்த வேன்களைத் தாண்டினார். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு குடை தூரத்தில் போய்க்கொண்டிருப்பது மட்டும்தான் தெரிந்தது. என்னைத் தவிர அந்த மண்டபத்தில் ஒருவரும் பயப்படவில்லை.

ஓடினேன். "மாப்ளே, மாப்ளே" என்று கூப்பிட்டுக்கொண்டு, பையைக் கீழே வைக்காமல், வேன்களுக்கு நடுவே புகுந்து மெயின் ரோட்டருகில் போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன்.

அவர் நின்றார். பயந்துபோய்த்தான் பார்த்தார். "எங்க நிக்கணும்னு யாரும் சொல்லலீங்க" என்றார்.

"இங்கதாங்க" என்றேன்.

பின்னால் நிதானமாக மச்சான் வந்து சேர்ந்தார். "மாப்ளே, கைய உடுங்க. நான்தான் கூப்டணும்."

"கூப்டுங்க."

"நீங்க உட்டாதான கூப்டறது."

விட்டேன். மச்சான் அவர் கையைப் பிடித்து, சொல்ல வேண்டியதைச் சொல்லி அழைத்துவந்தார். நான் பையோடு பின்னால் வந்தேன்.

உள்ளே வந்ததும் முகூர்த்தப் புடவையைத் தட்டில் வைத்துப் பெரியவர்களிடம் ஆசீர்வாதத்துக்குக் கொண்டு போனார்கள். தட்டு மாமியாரிடம் வந்தது. அவர் முதலில் கட்டைவிரல் நகத்தால் கரையைக் கீறினார். "சுத்தம்" என்றார். பிறகு கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு குனிந்தார்.

"இது யாரு?"

மனைவி மண்டபத்துக் கூரையைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். டெங்கு ஒரு தடவை மனதில் வந்து போயிற்று.

"இப்ப வாசல்ல போனானே எம்புள்ள, அவன மாதிரி இல்ல?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா, எட்டிப் பார்த்து. "கொடையோட."

மாமியார் மடிப்பை ஒன்று புரட்டினார். "இதுல போறாரு." இன்னொன்றைப் புரட்டினார். "இதுல திரும்பி வராரு."

"காசி யாத்திரையையே பொடவையில ஏத்திட்டாரு எங்க மாப்ள" என்றார் மச்சான். குரல் லேசாகக் கம்மியது. எத்தனை ரிஷபம் தூக்கியும் கம்மாத குரல் அது. ரைஸ் மில் வீட்டார் தட்டைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். இந்த மாதிரி யோசனை எப்படி வந்தது என்று ஒரு பெரியவர் என்னைக் கேட்டார். "அதுவா வந்ததுங்க" என்றேன். அந்தக் காலையில் நான் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

மாமியார் மட்டும் இன்னும் குனிந்திருந்தார். நிமிர்ந்தபோது அவர் கண் புடவையிலிருந்து என் கைக்கு வந்தது.

"காசிக்குப் போறவருக்கு மஞ்சப்பை எதுக்கு மாப்ளே?"

என் கையிலிருந்த பையை முதுகுக்குப் பின்னால் கொண்டு போனேன். அவர் நகத்தை என் மேல் உபயோகிக்கவில்லை. தட்டை அடுத்தவரிடம் நகர்த்தினார்.

தாலி கட்டும்போது நான் தூணோரம் நின்றிருந்தேன். அவள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். இடுப்பைச் சுற்றி வந்த கரையில் ஒரு இடத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தாள். எந்த இடத்தை என்று எனக்கும் தறி வீட்டாருக்கும் மட்டும் தெரியும்.

ஆல்பம் வந்தது மூன்று மாதம் கழித்து. அவள் அதில் ஒரு படத்தை மட்டும் போனில் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தாள். மண்டபத்து வாசல், வேன்கள், தூரத்தில் ஒரு குடையின் முதுகு. படத்தின் நடுவில் ஐம்பது வயது ஆள் ஒருவர், வேட்டி முழங்காலுக்கு ஏற, வலது காலைத் தூக்கி, பை பறக்க ஓடிக்கொண்டிருக்கிறார். கீழே எழுதியிருந்தாள்: "மாமா, இதுல நீங்க ஓடிப்போறீங்களா, கூட்டியாரப் போறீங்களா?"

நல்ல பதிலாக ஒன்று வேண்டும் என்று போனைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன்.

"அதெல்லாம் வேணாம்" என்றது அடுப்படி. "தட்டு போட்டாச்சி, வாங்க."